சொன்னதைத் திருப்பிச் சொல்: கப்பல் ஆங்கிலம் பற்றி வாசகர் கேள்விகள்

கப்பல் அதிகாரிகள் வேலையில் பயன்படுத்தும் ஆங்கிலம் பற்றி மலையகத்தின் பல ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இம்முறை பதில் தருகிறோம். ஒரே விடயத்தைக் கேட்ட கடிதங்களை ஒன்றாக்கியிருக்கிறோம். ஆங்கிலக் கட்டளைகள் இங்கே தமிழ் எழுத்தில் அச்சாகின்றன. வாசித்து விளங்கிக்கொள்ள இது போதும், மனப்பாடம் செய்யப் போதாது. ஏன் என்பது மூன்றாவது பதிலில் இருக்கிறது.

கேள்வி: சாதாரண தரத்தில் ஆங்கிலத்துக்கு ‘சி’ தான் கிடைத்தது. வாசித்தால் விளங்கும், சரளமாகப் பேச வராது. கப்பலில் அதிகாரியாக வர முடியுமா?
(உயர்தர மாணவர், தலவாக்கலை)

முடியும். பிரிட்ஜில், அதாவது கப்பலைச் செலுத்தும் மேல்தளத்தில், பேசுவது சரளமான ஆங்கிலம் அல்ல. முன்கூட்டியே தீர்மானித்து வைத்த வாக்கியங்கள். சர்வதேச கடல்சார் அமைப்பு 2001 நவம்பரில் இந்த வாக்கியத் தொகுப்பை ஏற்றுக்கொண்டது. எஸ்.எம்.சி.பி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அதற்கு முன் 1977 இல் வெளியான ஒரு சொற்றொகுதி புழக்கத்தில் இருந்தது. 500 மொத்தத் தொன் அல்லது அதற்கு மேற்பட்ட கப்பலில் கடமை அதிகாரியாக நிற்பவர் எஸ்.எம்.சி.பி. வாக்கியங்களைப் புரிந்துகொள்ளவும் பயன்படுத்தவும் வேண்டும் என்பது எஸ்.டி.சி.டபிள்யூ. எனப்படும், மாலுமிகளின் பயிற்சி, சான்றிதழ் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் நிபந்தனை.

இதற்குப் பின்னால் கசப்பான அனுபவம் இருக்கிறது. 1990 ஏப்ரல் 7 ஆம் திகதி ஸ்கண்டினேவியன் ஸ்டார் என்ற பயணிகள் கப்பலில் தீப்பிடித்து 159 பேர் இறந்தார்கள். மாலுமிகளுக்கும் பயணிகளுக்கும் பொதுமொழி இல்லாமற்போனது அங்கே கண்ட பெரிய குறைகளில் ஒன்று.

தொகுப்பின் இலக்கணம் வேண்டுமென்றே எளிதாக்கப்பட்டது. ஒரு விடயத்துக்கு ஒரே வாக்கியம்தான். ஒத்த சொற்களை மாற்றி மாற்றிப் போடக் கூடாது. ‘டோன்ட்’, ‘ஐம்’ போன்ற சுருக்க வடிவங்கள் கூடாது. ஆம், இல்லை என்று மட்டும் பதில் சொல்லாமல் முழு வாக்கியத்தையும் சொல்ல வேண்டும். இதனால் சில நேரம் ஆங்கிலம் நன்றாகப் பேசுகிறவர்கள்தான் சிரமப்படுகிறார்கள். மரியாதைக்காக வாக்கியத்தை நீட்டுவது அவர்களுக்குப் பழகிவிட்டது. பிரிட்ஜில் அது இடைஞ்சல்.

ஆனால் வாசிப்பில் சலுகை இல்லை. மோதல் தவிர்ப்பு விதிகள், இயந்திரக் கையேடுகள், துறைமுக அறிவித்தல்கள் எல்லாம் முழு ஆங்கிலத்தில்தான் இருக்கும். அந்த விதிகளில் ‘ஷல்’ என்று வருமிடத்தில் கட்டாயம், ‘மே’ என்று வருமிடத்தில் அனுமதி. வாய்மொழித் தேர்வில் இந்த இரண்டையும் மாற்றிச் சொன்னால் விதி தெரியாது என்றே எடுத்துக்கொள்வார்கள். ஆகவே ‘சி’ யைக் கண்டு பயப்பட வேண்டாம், வாசிப்பை மட்டும் விட்டுவிட வேண்டாம்.

கேள்வி: ‘போர்ட் டென்’ என்றால் ‘இடப்பக்கம் பத்துப் பாகை திரும்பு’ என்று எனக்குக் கிடைத்த ஒரு பாடக்குறிப்பில் இருக்கிறது. சரியா? சுக்கான் கட்டளைகளுக்கு எப்படிப் பதில் சொல்வது?
(வாசகர், ராகலை)

அந்தக் குறிப்பு பிழை, அதுவும் ஆபத்தான பிழை. பத்து என்பது சுக்கான் சாயவேண்டிய கோணம். கப்பல் எவ்வளவு திரும்ப வேண்டும் என்பதை அந்தக் கட்டளை சொல்லவில்லை. சுக்கானை இடப்பக்கம் 10 பாகையில் வைத்துப் பிடித்திருந்தால் கப்பல் திரும்பிக்கொண்டே இருக்கும். அடுத்த கட்டளை வரும்வரை சுக்கானி, அதாவது சக்கரத்தைப் பிடித்திருக்கும் மாலுமி, தானாக அதை மாற்றக் கூடாது.

நடைமுறை இப்படி. அதிகாரி ‘போர்ட் டென்’ என்கிறார். சுக்கானி உடனே ‘போர்ட் டென்’ என்று அதே சொற்களைத் திருப்பிச் சொல்லிச் சக்கரத்தைத் திருப்புகிறார். சுக்கான் 10 பாகைக்கு வந்ததும் வந்துவிட்டதை அறிவிக்கிறார். அதிகாரியின் கண் இவ்வளவு நேரமும் சுக்கானியின் கையில் அல்ல, சுக்கான் கோணங்காட்டியில் இருக்க வேண்டும். வாய் சரியாகச் சொல்லிக் கை மறுபக்கம் சுற்றுவது, களைத்த மனிதர்களிடம் நடக்கக்கூடியது. கோணங்காட்டியின் முள் எந்தப் பக்கம் நகரத் தொடங்குகிறது என்று பார்த்தால் சில வினாடிகளில் பிடித்துவிடலாம்.

‘யெஸ் சேர்’, ‘ஓகே’ என்பவை பதில் அல்ல. அவை காது கேட்டது என்பதைச் சொல்லும், எதைக் கேட்டது என்பதைச் சொல்லாது. சுக்கானி பிழையாகத் திருப்பிச் சொன்னால் அதிகாரி ‘நோ, நோ’ என்று கத்துவதில் பயனில்லை. முழுக் கட்டளையையும் மறுபடி கொடுக்க வேண்டும்.

சாதாரணமாக 5, 10, 15, 20, 25 பாகை என்ற படிகளில் கட்டளை வரும். ‘ஹார்ட் எ போர்ட்’, ‘ஹார்ட் எ ஸ்டார்போர்ட்’ என்றால் சுக்கானை அந்தப் பக்கம் முழுவதுமாகச் சாய்ப்பது. பெரும்பாலான கப்பல்களில் அது 35 பாகை. ‘ஈஸ் டு ஃபைவ்’ என்றால் இப்போதிருக்கும் கோணத்தை 5 பாகைக்குக் குறைத்துப் பிடிப்பது. ‘மிட்ஷிப்ஸ்’ என்றால் சுக்கானை நடுவுக்குக் கொண்டுவருவது. புதியவர்கள் ‘மிட்ஷிப்ஸ்’ சொன்னதும் கப்பல் நேராகிவிடும் என்று எண்ணுகிறார்கள். நடுவுக்கு வந்தது சுக்கான்தான், கப்பலின் சுழற்சி அல்ல. சரக்கு நிறைந்த பெரிய கப்பல் அதன் பிறகும் நெடுநேரம் திரும்பிக்கொண்டிருக்கும். அந்தச் சுழற்சிக்கு எதிர்ச்சுக்கான் கொடுத்து அடக்குவதற்கு ‘மீட் ஹேர்’. சுழற்சியை இயன்றளவு விரைவாகக் குறைக்க ‘ஸ்டெடி’.

‘ஸ்டெடி ஆஸ் ஷீ கோஸ்’ தேர்வில் அடிக்கடி சறுக்கும் கட்டளை. இது காதில் விழுந்த கணத்தில் திசைகாட்டி என்ன காட்டியதோ அதுதான் இனிப் பிடிக்கவேண்டிய திசை. அப்போது 082 இருந்தது என்று வையுங்கள். கப்பல் சுழற்சியில் 090 வரை ஓடிவிட்டாலும் சுக்கானி அதை 082 க்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். அதனால்தான் இந்தக் கட்டளையைத் திருப்பிச் சொல்லும்போதே அந்தக் கணத்தின் எண்ணையும் உரக்கச் சொல்ல வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். கப்பல் அந்தத் திசையில் நிலைத்ததும் ‘ஸ்டெடி ஒன் சீரோ எய்ட் டூ’ என்று இன்னொரு தடவை (இங்கே ‘ஒன்’ என்பது on, எண் அல்ல).

திசையை எண்ணாகக் கொடுக்கும்போது திரும்பும் பக்கம் முதலில் வரும்: ‘போர்ட், ஸ்டியர் வன் எய்ட் டூ’. பக்கம் சொல்லாமல் 182 என்று மட்டும் சொன்னால், 000 இல் போய்க்கொண்டிருக்கும் சுக்கானி எந்தப் பக்கத்தால் சுற்றிப் போவது என்று யோசித்து நிற்பார். ‘நதிங் டு போர்ட்’ என்றால் கப்பலின் முனை இடப்பக்கம் சற்றும் போகவிடாதே என்று பொருள். அந்தப் பக்கத்தில் ஆழமில்லாத இடமோ மிதவையோ இருக்கும்போது வரும். சக்கரத்தைத் திருப்பியும் கப்பல் அசையவில்லை என்றால், யாரும் கேட்கும்வரை காத்திருக்காமல் சுக்கானியே உடனே அறிவிக்க வேண்டும்.

சுக்கானியின் கவனம் சிதறியதாகத் தோன்றினால் ‘வட் இஸ் யுவர் ஹெடிங்’ என்று கேட்பதும் தொகுப்பிலேயே உள்ளது. திட்டுவதைவிட இது நல்லது. பதிலாக ஒரு எண் வந்தாக வேண்டும்.

கேள்வி: 150 ஐ ‘வன் ஹண்ட்ரட் அண்ட் ஃபிஃப்டி’ என்று சொல்லக் கூடாது என்கிறார்கள். ஏன்? மாணவர்களுக்கு எப்படிப் பழக்குவது?
(ஆங்கில ஆசிரியை, பதுளை)

வானொலி இரைச்சலில் முதலில் தொலைவது சொல்லின் கடைசி அசை. ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ இரண்டும் அங்கே ஒன்றாகிவிடும். ஆகவே இலக்கங்களைத் தனித்தனியே சொல்வார்கள்: 150 என்றால் ‘வன் ஃபைஃப் சீரோ’. தசமப் புள்ளிக்கு ‘டெசிமல்’. இதற்கு ஒரு விலக்கு சுக்கான் கோணம். அங்கே ‘ஃபிஃப்டீன்’ என்றே வரும். ஐந்தைந்தாகப் போகும் சில கோணங்கள் மட்டுமே இருப்பதால் குழப்பத்துக்கு இடம் குறைவு.

உச்சரிப்பையும் அச்சிட்டே வைத்திருக்கிறார்கள்: மூன்று ‘ட்ரீ’, நான்கு ‘ஃபோவர்’, ஐந்து ‘ஃபைஃப்’, ஒன்பது ‘நைனர்’, ஆயிரம் ‘டவுசண்ட்’. ‘த்’ ஒலி பல நாட்டு நாவுக்கு வராது என்பதால் அது நீக்கப்பட்டது. எண்ணைச் சொல்லி அலகைச் சொல்லாமல் விடுவது இன்னொரு வழக்கமான பிழை. ‘டூ’ என்றால் இரண்டு கடல் மைலா, இரண்டு கேபிளா? கடல் மைல் 1,852 மீற்றர், கேபிள் அதில் பத்தில் ஒன்று, ஏறக்குறைய 185 மீற்றர். நேரம் 24 மணி முறையில், யூ.டி.சி. யில், அதாவது உலகப் பொது நேரத்தில், சொல்லப்படும். இலங்கை நேரம் அதற்கு 5 மணி 30 நிமிடம் முந்தியது. இங்கே நண்பகல் 1200 என்றால் யூ.டி.சி. 0630. துறைமுகத்தில் உள்ளூர் நேரத்தைப் பயன்படுத்தினால் அது உள்ளூர் நேரம் என்று சொல்லியே ஆக வேண்டும்.

சொன்ன எண் பிழைத்தால் முணுமுணுத்துத் திருத்தக் கூடாது. ‘மிஸ்டேக்’ என்று சொல்லி, ‘கரெக்‌ஷன்’ என்று சொல்லி, முழு வாக்கியத்தையும் சரியான எண்ணோடு சொல்ல வேண்டும். எதிரில் பேசுபவர் சொன்னது கேட்கவில்லை என்றால் ‘சே எகெய்ன்’. ‘ரிபீட்’ என்பது வேறு வேலைக்கு: தான் சொன்ன முக்கியமான எண்ணைத் தானே அழுத்தி இன்னொரு தடவை சொல்வதற்கு.

தமிழ் எழுத்து மனப்பாடத்துக்குப் போதாது என்று தொடக்கத்தில் சொன்னதற்குக் காரணம் இதுதான்: கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பாடமாக்கும் மாணவர்கள் நம்மிடையே நிறையப் பேர். நம் எழுத்தில் ‘ப’ இரண்டு ஒலிக்கு நிற்கிறது, ‘ட’ வும் அப்படியே. ‘போட்’ என்று எழுதினால் அது படகா, இடப்பக்கமா, பலகையா என்று மூன்று நாள் கழித்து எழுதியவருக்கே தெரியாது. ஆங்கில எழுத்தில் எழுதி, காதால் கேட்டு, வாயால் சொல்லிப் பழகச் சொல்லுங்கள். வகுப்பில் ஒருவர் மூன்று இலக்கத் திசைகளை வேகமாகச் சொல்ல, மற்றவர் திருப்பிச் சொல்லி எழுதுவது நல்ல பயிற்சி. பின்னால் ஒரு மின்விசிறியையோ ரேடியோவையோ சத்தமாக வைத்துவிட்டுச் செய்தால் இன்னும் நல்லது.

கேள்வி: டைட்டானிக்கில் பனிப்பாறையைக் கண்டதும் ‘ஹார்ட் எ ஸ்டார்போர்ட்’ என்று கட்டளை வந்ததாம். ஆனால் கப்பல் இடப்பக்கம் திரும்பியது. சுக்கானி பதற்றத்தில் மாற்றிச் சுற்றினாரா?
(வாசகர், கம்பளை)

இல்லை. 1912 இல் கட்டளை சுக்கானுக்கு அல்ல, சுக்கானின் கைப்பிடித் தண்டுக்குக் கொடுக்கப்பட்டது. தண்டை வலப்பக்கம் தள்ளினால் சுக்கானும் கப்பலும் இடப்பக்கம் போகும். பாய்க்கப்பல் காலத்து வழக்கம் சக்கரம் வந்த பிறகும் ஒட்டிக்கொண்டிருந்தது. பிரித்தானியக் கப்பல்களில் 1933 இல்தான் இது மாறியது. அதன்பின் கட்டளையும் சுக்கானும் கப்பலின் முனையும் ஒரே பக்கம். இடப்பக்கத்துக்கு ‘லார்போர்ட்’ என்ற பழைய சொல் ‘ஸ்டார்போர்ட்’ போலவே ஒலித்ததால் பிரித்தானியக் கடற்படை 1844 இல் அதை விட்டு ‘போர்ட்’ என்று மாற்றியது.

கேள்வி: துறைமுகக் கட்டுப்பாட்டு நிலையத்துடன் பேசும்போது ‘மே ஐ’ என்று கேட்பதுதானே மரியாதை? அதைத் தவிர்க்கச் சொல்கிறார்களே?
(வாசகி, ஹட்டன்)

‘யூ மே என்டர்’ என்று பதில் வந்தால் அது அனுமதியா, நுழையக்கூடும் என்ற ஊகமா? கடலில் இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கப்பல் நிற்கும். ஆகவே ‘டூ ஐ ஹாவ் பெர்மிஷன் டு என்டர்’ என்று கேட்டு, ‘யூ ஹாவ் பெர்மிஷன்’ அல்லது ‘யூ டூ நொட் ஹாவ் பெர்மிஷன்’ என்று பதில் பெறுகிறார்கள். ‘ஷுட்’, ‘குட்’, ‘மைட்’ ஆகியவற்றுக்கும் இதே கதி.

இதோடு சேர்ந்ததுதான் செய்தியின் முன்னால் வைக்கும் எட்டு அடையாளச் சொற்கள்: இன்ஸ்ட்ரக்‌ஷன், அட்வைஸ், வோர்னிங், இன்ஃபர்மேஷன், குவெஸ்ச்சன், ஆன்சர், ரிக்வெஸ்ட், இன்டென்ஷன். கேட்பவர் முதற்சொல்லிலேயே தன் கடமையை அறிந்துகொள்வார். ‘இன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்று வந்தால், சொல்பவருக்கு அதற்கான அதிகாரம் இருக்க வேண்டும். கேட்பவர் கீழ்ப்படிய வேண்டும், பாதுகாப்புக் காரணத்தால் முடியாவிட்டால் அதைத் தெரிவிக்க வேண்டும். ‘அட்வைஸ்’ என்று வந்தால் முடிவு கப்பலின் கையில். ‘இன்டென்ஷன்’ என்பது நான் செய்யப்போவதை அறிவிப்பது, அனுமதி கேட்பது அல்ல. ‘ரிக்வெஸ்ட்’ இழுவைப் படகு கேட்கவும் நீர் கேட்கவும் உதவும். மோதல் தவிர்ப்பு விதியை மாற்றிக்கொள்ள அதைப் பயன்படுத்தக் கூடாது.

கேள்வி: எதிரே வரும் கப்பலுடன் வானொலியில் பேசி ‘நீ இந்தப் பக்கம் போ, நான் அந்தப் பக்கம் போகிறேன்’ என்று தீர்த்துக்கொண்டால் இலேசுதானே?
(வாசகர், நாவலப்பிட்டி)

இலேசாகத் தெரியும். தெற்கே தெவுந்தர முனைக்கு வெளியே கப்பல்கள் வரிசையாகப் போகும் இரவை நினைத்துப் பாருங்கள். ‘என் இடப்பக்க முன்புறம் நிற்கும் கப்பலே’ என்று அழைத்தால் மூன்று கப்பல்கள் அது தாங்கள்தான் என்று நினைக்கும். பதில் சொன்னது நீங்கள் பார்க்கும் கப்பல்தானா என்பதை உறுதிப்படுத்துவதற்குள் இரண்டு கப்பல்களும் நெருங்கிவிடும். பேசி மோதிய கப்பல்கள் உண்டு. நேருக்கு நேர் வந்தால் இருவரும் வலப்பக்கம் திரும்ப வேண்டும்; குறுக்கே வந்தால் மற்றக் கப்பலைத் தன் வலப்பக்கம் காண்பவர் விலக வேண்டும் என்று 1972 ஆம் ஆண்டு மோதல் தவிர்ப்பு விதிகள் ஏற்கெனவே சொல்லியிருக்கின்றன. முதலில் விதிப்படி திரும்புங்கள், அதுவும் மற்றவர் கண்ணுக்குத் தெரியும்படி பெரிதாக. ஊதுகுழலின் ஒரு குறுகிய ஒலி ‘வலப்பக்கம் திரும்புகிறேன்’, இரண்டு ‘இடப்பக்கம்’, மூன்று ‘இயந்திரம் பின்னோக்கி’, ஐந்து அல்லது அதற்கு மேல் ‘உன் நோக்கம் எனக்கு விளங்கவில்லை’. இதற்கு உச்சரிப்பு தேவையில்லை.

கேள்வி: ‘தென்மேல் பருவக்காற்று’ தென்மேற்கிலிருந்து வருகிறது. கடல் நீரோட்டத்துக்கும் அதே கணக்கா?
(மாணவி, வட்டவளை)

இல்லை, நேர்மாறு. காற்றுக்கு எங்கிருந்து வருகிறதோ அந்தப் பெயர். நீரோட்டத்துக்கு எங்கே போகிறதோ அந்தத் திசை. தென்மேல் பருவக்காலத்தில் இலங்கையின் தெற்கே மேற்பரப்பு நீர் கிழக்கு நோக்கி ஓடும். அதை ‘செட்டிங் ஈஸ்ட்’ என்பார்கள். வடகீழ்ப் பருவத்தில் மேற்கு நோக்கி. மாற்றி எடுத்தால் கப்பல் தள்ளப்படும் பக்கத்தை 180 பாகை பிழையாகக் கணிப்பீர்கள். காற்றின் திசை வலஞ்சுழியாக மாறினால் ‘வியரிங்’, இடஞ்சுழியாக மாறினால் ‘பேக்கிங்’.

இதே போன்ற 180 பாகைப் பொறி இன்னொன்று உண்டு. தெவுந்தர வெளிச்சவீட்டைக் கப்பலிலிருந்து 010 பாகையில், 6 கடல் மைலில் பார்க்கிறீர்கள். உங்கள் இடத்தை அறிவிக்கும்போது திசை வெளிச்சவீட்டிலிருந்து கப்பலை நோக்கிச் சொல்லப்பட வேண்டும்: வெளிச்சவீட்டிலிருந்து 190 பாகை, 6 கடல் மைல். அவசரத்தில் 010 என்று சொன்னால் நீங்கள் அறிவித்த இடம் மாத்தறை மாவட்டத்தின் தரையில் இருக்கும். தரை என்றாலாவது கேட்பவர் பிழையைக் கண்டுபிடிப்பார். சுற்றிலும் கடல் என்றால் உதவிப் படகு எதிர்த்திசைக்குப் போய்விடும்.

கேள்வி: தம்பி டெக்கில் வேலைக்கு ஏறியிருக்கிறார். ‘ஹோல்ட் ஒன்’, ‘லெட் கோ’, ‘ஸ்லாக் அவே’ எல்லாம் கயிற்றை விடுவது போலவே கேட்கிறது என்கிறார். விளக்குவீர்களா? நங்கூரச் சொற்களையும் எழுதுங்கள்.
(வாசகி, மஸ்கெலியா)

டெக்கில் சொல் பிழைத்தால் கையோ காலோ போகும். ஆகவே சற்று விரிவாக.

‘ஹோல்ட் ஒன்’ தொலைபேசியில் ‘கொஞ்சம் இருங்கள்’. டெக்கில் அப்படி அல்ல: கயிறு ஓர் அங்குலமும் வெளியே போகாமல் பிடித்து நிறுத்து. ‘ஸ்லாக் அவே’ என்றால் கயிற்றைத் தளர்த்தி வெளியே விடு, ஆனால் அது கரையின் கட்டுத்தூணில் மாட்டியபடியே இருக்கும். ‘லெட் கோ’ என்றால் தூணிலிருந்தே கழற்று. இரண்டாவதையும் மூன்றாவதையும் கலந்துவிட்டால், தளர்த்தவேண்டிய கயிறு கழன்று கப்பலின் ஒரு முனை கரையைவிட்டு விலகும். ‘ஹீவ் அவே’ விஞ்சால், அதாவது கயிறு சுற்றும் இயந்திரத்தால், இழு, ‘ஸ்டொப் ஹீவிங்’ இழுப்பதை நிறுத்து; பழைய மாலுமிகள் இதற்கு ‘அவாஸ்ட்’ என்பார்கள். ‘மேக் ஃபாஸ்ட்’ கட்டி முடி. புறப்படும் முன் ‘சிங்கிள் அப்’ வரும்: கூடுதல் கயிறுகளை எடுத்துவிட்டு, சொன்ன கயிறுகளை மட்டும் மிச்சம் வை. எது மிச்சம் என்பது கட்டளையிலேயே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தம்பி கேட்க வேண்டும்.

பின்முனையில் நிற்பவர் நினைவில் வைக்கவேண்டிய அறிவிப்பு ஒன்று இருக்கிறது. கயிறுகள் கரையிலிருந்து கழன்றதும் பிரிட்ஜ் ‘இஸ் த ப்ரொப்பெல்லர் கிளியர்’ என்று கேட்கும். கயிறு தண்ணீரில் கிடக்கும்போது ‘கிளியர்’ என்று சொல்லிவிட்டால், இயந்திரம் சுழலும், கயிறு புரொப்பெல்லரில் சுற்றும். கண்ணால் பார்த்த பிறகே பதில். விறைத்து நிற்கும் கயிறு அறுந்தால் அது வந்த வழியே திரும்பி அடிக்கும். அந்தப் பாதையிலும், கயிற்றுச் சுருளுக்குள்ளும் நிற்கக் கூடாது.

நங்கூரச் சங்கிலியை ‘ஷாக்கிள்’ கணக்கில் அளப்பார்கள். ஒரு ஷாக்கிள் 27.5 மீற்றர். இணைப்பு வளையங்களுக்கு வண்ணம் பூசி, இருபுறத்துக் கண்ணிகளுக்கும் அடையாளமிட்டிருப்பார்கள். அதைப் பார்த்து எண்ணுவது. ‘ஃபைவ் ஷாக்கிள்ஸ் ஒன் டெக்’ என்பதும் ‘ஃபைவ் ஷாக்கிள்ஸ் இன் த வோட்டர்’ என்பதும் ஒன்றல்ல. முதலாவதில் ஐந்தாவது அடையாளம் டெக்கில் நிற்கிறது, இரண்டாவதில் நீர்மட்டத்தில். வெறுமையாக உயர்ந்து நிற்கும் கப்பலில் இடையில் பல மீற்றர் வித்தியாசம் வரும். அடுத்தது சங்கிலி போகும் திசை: முன்னோக்கி, பின்னோக்கி, பக்கவாட்டில், அல்லது செங்குத்தாக. செங்குத்துக்கு ‘அப் அண்ட் டவுன்’. நங்கூரம் அடியில் பிடித்துக் கப்பல் நின்றதும் ‘ப்ரோட் அப்’. பிடிக்காமல் இழுபட்டால் ‘ட்ராகிங்’.

நங்கூரத்தில் ‘லெட் கோ’ என்றால் பிரேக்கைத் தளர்த்தி விழவிடுவது. ‘வோக் அவுட்’ என்றால் இயந்திரத்தின் கட்டுப்பாட்டில் மெதுவாக இறக்குவது. ஆழமான இடத்தில் பின்னதைச் சொல்ல, முன்னதைக் கேட்டுப் பிரேக்கைத் தளர்த்தினால், சங்கிலியின் எடை வேகமெடுத்துப் பிரேக்கின் உட்பட்டை எரியும், பின்னர் நிறுத்த முடியாது.

வோக்கி டோக்கியில் ஒரு பழக்கம். பொத்தானை அழுத்தியதும் பேசத் தொடங்கினால் முதல் அசை வெட்டுப்படும். ‘டூ நொட் லெட் கோ’ என்பதில் முன்பாதி வெட்டுப்பட்டால் மிஞ்சுவது ‘லெட் கோ’. அழுத்தி, ஒரு மூச்சு விட்டு, முதலில் கூப்பிடும் இடத்தைச் சொல்ல வேண்டும்: ‘ஃபோர்வர்ட் ஸ்டேஷன்’. வெட்டுப்பட்டாலும் அந்தச் சொல்தான் வெட்டுப்படும்.

கேள்வி: ‘மஸ்டர் ஸ்டேஷன்’ என்றால் என்ன?
(மாணவர், கொட்டகலை)

தோட்டத்துப் பெரட்டுக்களம் மாதிரித்தான்: மணி அடித்தால் எல்லாரும் வந்து நிற்கும் இடம், பேர் கூப்பிடும் இடம். கப்பலில் மணி ஏழு அல்லது அதற்கு மேற்பட்ட குறுகிய ஒலிகள், பின் ஒரு நீண்ட ஒலி. பெரட்டில் பக்கத்தில் நிற்பவர் உங்களுக்காகக் குரல் கொடுக்கலாம், இங்கே கூடாது. ஆள் குறைந்தால் தீக்குள் தேடப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: ‘மேடே’ அழைப்பை வரிசையாக எழுதித் தாருங்கள்.
(பல வாசகர்கள்)

‘மேடே’ உயிருக்கோ கப்பலுக்கோ உடனடி ஆபத்து வந்தால் விடுக்கும் அழைப்பு. முதலில் வீ.எச்.எஃப். வானொலிக் கருவியின் மூடியுள்ள சிவப்புப் பொத்தானைத் திறந்து அழுத்திப் பிடிப்பார்கள். சனல் 70 வழியாக டிஜிட்டல் எச்சரிக்கை போகும். பிறகு சனல் 16 இல், 156.8 மெகாஹேர்ட்சில், குரல். ‘மேடே’ மூன்று தடவை, ‘திஸ் இஸ்’, கப்பலின் பெயர் மூன்று தடவை, அழைப்புக் குறி, கப்பலின் வானொலி அடையாளமான ஒன்பது இலக்க எம்.எம்.எஸ்.ஐ. எண். இலங்கைக் கப்பலாயின் அது 417 இல் தொடங்கும். அடுத்து இன்னொரு ‘மேடே’, கப்பலின் பெயர், அதன்பின் இடம். கொழும்புக்கு மேற்கே என்றால் இப்படி: ‘சீரோ சிக்ஸ் டிகிரீஸ் ஃபைஃப் சீரோ மினிட்ஸ் நோர்த், சீரோ செவன் நைனர் டிகிரீஸ் ட்ரீ சீரோ மினிட்ஸ் ஈஸ்ட்’. பின்னர் என்ன நடந்தது, என்ன உதவி தேவை, எத்தனை பேர், வேறு தகவல், ‘ஓவர்’.

இடத்தை முன்னால் வைத்ததற்குக் காரணம் உண்டு. நடுவில் மின்சாரம் போய்விட்டாலும் எங்கே என்று தெரிந்திருக்கும். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத அவசரத்துக்கு ‘பான் பான்’, கடற்பயண எச்சரிக்கைக்கு ‘செக்யூரிட்டே’. இரண்டையும் மும்முறை சொல்ல வேண்டும். மேடேயை விளையாட்டுக்குச் சொல்வது குற்றம்.

கேள்வி: மகனைக் கப்பல் படிப்புக்கு அனுப்ப ஆசை. ஆங்கில வகுப்பு எடுத்தால் போதுமா? என்ன பார்க்க வேண்டும்?
(தந்தை, பண்டாரவளை)

ஆங்கிலம் ஒரு பகுதி மட்டும். எஸ்.டி.சி.டபிள்யூ. படி கடமை அதிகாரிச் சான்றிதழுக்குக் குறைந்த வயது 18. அங்கீகரிக்கப்பட்ட பயிற்சியின் பகுதியாக, பதிவேட்டில் எழுதிக் காட்டிய 12 மாதக் கடற்சேவை வேண்டும். அப்படியொரு பயிற்சி இல்லாவிட்டால் 36 மாதம். அதில் ஆறு மாதமாவது மேற்பார்வையின் கீழ் பிரிட்ஜ் கடமை. வானொலிச் சான்றிதழ் தனி. பணம் கட்டும் முன் இரண்டு விடயம் பாருங்கள். ஒன்று, அந்தப் பாடநெறிக்கு அங்கீகாரம் உண்டா என்பதைக் கொழும்பிலுள்ள மேர்ச்சன்ட் ஷிப்பிங் செக்ரடேரியட்டில் நேரில் கேட்பது. இரண்டு, வகுப்பறைக்குப் பிறகு கப்பலில் கெடெட் இடம், அதாவது பயிலும் அதிகாரிக்கான இடம், யார் பொறுப்பில் என்பதை எழுத்தில் வாங்குவது. கண் பரிசோதனையை எல்லாவற்றுக்கும் முன் செய்துவிடுங்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர் டெக் அதிகாரியாக முடியாது. இரவில் எதிர்க் கப்பலின் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை.

கேள்வி: எங்கள் ஊரில் கடலும் இல்லை, கப்பலும் இல்லை. வீட்டில் எப்படிப் பழகுவது?
(உயர்தர மாணவர், பொகவந்தலாவை)

இரண்டு பேர் வேண்டும், ஒரு காகிதத் தட்டில் 000 முதல் 359 வரை குறித்த வட்டமும் வேண்டும். ஒருவர் அதிகாரி, மற்றவர் சுக்கானி. வட்டத்தைச் சுக்கானி திருப்புவார். முதல் வாரம் கோணக் கட்டளைகள் மட்டும். இரண்டாம் வாரம் ‘ஸ்டெடி ஆஸ் ஷீ கோஸ்’. வட்டம் சுழன்றுகொண்டிருக்கும்போதே கட்டளை கொடுங்கள், எண்ணைச் சொல்கிறாரா என்று பாருங்கள். வட்டம் பிழையாகத் திரும்பினால் அதைக் கண்டுபிடிக்க அதிகாரி பழக வேண்டும். ஆகவே சுக்கானி இடையிடையே வேண்டுமென்றே வாயால் சரியாகச் சொல்லிக் கையால் மறுபக்கம் திருப்பட்டும். மூன்றாம் வாரம் இரண்டு தொலைபேசிகளோடு வேறு வேறு அறைகளுக்குப் போய், முகம் பார்க்காமல் செய்யுங்கள். ஒலியைப் பதிவுசெய்து மறுநாள் கேளுங்கள். கேட்கும்போது எந்த எண் மங்கலாகக் கேட்கிறதோ அதை மட்டும் தனியே எடுத்துப் பழகுங்கள். பெரும்பாலும் அது ஐந்தாகவோ ஒன்பதாகவோ இருக்கும்.